குழாய் நேரத்துக் கடல்

குழாயில் தண்ணீர் வருகிற அதே இருபது நிமிடத்தில்தான் கடலும் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது கால் மணி நேரம் முந்தியோ பிந்தியோ வந்திருந்தால் எங்கள் சந்துப் பெண்கள் ஊரோடு ஊராகப் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள், சந்தனமாரிக்கு நான் கொடுத்திருந்த வாக்கும் முதல் நாளே தீர்ந்திருக்கும், சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பம்பாயில் சயானுக்கும் தாராவிக்கும் நடுவே ஒரு குன்று. அதன் தலையில் யாரோ யாருக்காகவோ கட்டி இடியவிட்ட ஒரு கோட்டை, கோட்டையைச் சுற்றி ஒரு பூங்கா, பூங்காவுக்கு ஏற நூற்றுப் பன்னிரண்டு கருங்கல் படிகள். கில்லா கார்டன் என்று மராட்டிக்காரனும் பீகார்க்காரனும் திருநெல்வேலிக்காரனும் ஒரே பேரைச் சொல்கிற இடம் அது ஒன்றுதான். எங்கள் வீடுகளில் இரண்டு கையையும் விரித்துச் சோம்பல் முறித்தால் ஒரு கை அடுப்பிலும் மறு கை அடுத்த வீட்டுச் சுவரிலும் இடிக்கும், ஆகவே சோம்பல் முறிக்க என்றே படியேறுவோம். சண்டை போட்ட அண்ணன் தம்பிகள் பேசித் தீர்க்க அங்கே போவார்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் புத்தகத்தோடு போவார்கள், காதலிக்கிறவர்கள் அந்தப் புத்தகத்தை மறைப்புக்கு வாங்கிக்கொண்டு போவார்கள், மாடிக் கட்டடங்களிலிருந்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டவர்கள் சர்க்கரையைக் குறைக்கப் போவார்கள். பெண் பார்க்க வந்தவர்களை வீட்டில் உட்கார வைக்க இடம் போதாமல் கில்லாவுக்குக் கூட்டிப்போய் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து பஜ்ஜி கொடுத்துச் சம்மதம் வாங்கிய குடும்பங்கள் எங்கள் சந்திலேயே நான்கு உண்டு.

நான் போனது பாய்க்காகக் காத்திருக்க. எனக்கு ராத்திரி வேலை. ரயில் ஓடாத மூன்று மணி நேரத்தில் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்து, சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்கிற வேலை. விடியும்போது திரும்பினால் வீட்டில் எனக்கு இடம் இருக்காது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சந்தனமாரி, எங்கள் இரண்டு பெண்கள், என் தம்பி, தம்பி பெண்சாதி என்று ஐந்து பேர் தரையை நிறைத்துக் கிடப்பார்கள், அவர்கள் எழுந்து குழாய்க்கும் வேலைக்கும் கலைந்த பிறகுதான் தரை என் பக்கம் வரும். ஏழேகாலுக்குச் சந்தனமாரி மாதுங்காவில் நான்கு வீட்டுச் சமையலுக்குக் கிளம்புவாள், அவள் சுருட்டி வைத்த பாயை நான் விரிப்பேன். ஊர் எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்று சொன்னாலும் நாங்கள் இருபத்தொரு வருஷமாக ஒரு பாயின் இரண்டு ஷிப்டுகள், அவ்வளவுதான்.

சித்திரைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குக் காம்ளே விசில் ஊதினான். காம்ளே பூங்காவின் காவல்காரன், சதாராக்காரன், முப்பது வருஷம் எங்களோடு பழகி எங்கள் தமிழை உடைத்து உடைத்துப் பேசுகிறவன், காதலர்களுக்குத் தவிர வேறு எதற்கும் விசிலை வீணாக்காதவன். இந்த விடியலிலேயே எவனடா என்று திரும்பிப் பார்த்தால், கடல். மேற்கே மாஹிம் பக்கமிருந்து சத்தமில்லாமல், யாரோ ஒரு பெரிய பாயை உருட்டி விரிக்கிற மாதிரி வந்து, சந்து சந்தாக நுழைந்து, தகரக் கூரைகளை ஒவ்வொன்றாக மூடி, ரயில் பாதையை மூடி, சாக்குக் கிடங்குகளை மூடி, குன்றின் நாற்பத்தோராம் படியில் வந்து நின்று, ரொம்ப நாள் அங்கேயே குடியிருந்த மாதிரி சின்னச் சின்னதாக அலையடிக்கத் தொடங்கியது. மாடிக் கட்டடங்கள் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. தண்ணீர் அத்தனை தெளிவு. அடியில் தெரு தெரிந்தது, தெருவில் பால்காரன் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனான், அவன் தலைக்கு மேலே ஒரு வாவல் மீன் கூட்டம் அவனுடைய வேகத்துக்கே போனது, குன்றின் அடிவாரச் சுவரை ஒட்டிய எங்கள் சந்தில் குழாயடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள், ரெபேக்காள் அக்காவின் கொண்டைக்குப் பக்கத்தில் ஒரு நண்டு காலை விரித்து நீந்திப் போனது, அக்கா அதைக் கண்டுகொள்ளாமல் யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள்.

பெண்டு பிள்ளைகள் போச்சே என்று ஓடினோம். நாற்பத்தோராம் படியில் கால் நனைந்தது, முப்பத்தெட்டில் இடுப்பு நனைந்தது, கண் தண்ணீருக்குள் போன நொடியில் ஒன்றுமே இல்லை: காய்ந்த படி, காய்ந்த சட்டை, வழக்கமான காலை, வழக்கமான சண்டை. மூச்சு வாங்க வந்து நின்ற எங்களைப் பார்த்து அக்கா, என்னலே, போலீசு துரத்துதா என்று கேட்டாள். ஆறரைக்குக் குழாய் நின்றது. அதே நிமிடம் கடலும் வடிந்தது என்று மேலேயே நின்றுவிட்ட கேன்வாஸ்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நாலு நாளில் ஆச்சரியம் தீர்ந்து பழக்கம் ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் பம்பாயில் எந்த அதிசயமும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆளை நிறுத்திவைக்க முடியாது, எல்லோருக்கும் ரயிலைப் பிடிக்க வேண்டும். கோலிவாடாவிலிருந்து மீன்காரர்கள் வலையோடு வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் வியப்பில்லை. எங்கள் பாட்டன் காலத்தில் இங்கேவரை கடல்தான், போகும்போது எதையோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது, எடுக்க வருகிறது என்றார்கள். வலை நிறைய மீன் விழுந்தது. கூடையோடு இறங்கினால் கண் முழுகும் படியில் கூடை காலி. சரி என்று அடுப்பை மேலேயே கொண்டுவந்து பொரித்துக் கொடுத்தார்கள், நாங்கள் வயிறு புடைக்கத் தின்றோம், கீழே வந்து சேரும்போது பசித்தது. இதனால் எங்களுக்கு வந்த வருத்தம் கேன்வாஸ்காரர்களுக்குக் கொண்டாட்டமானது, பத்து மீன் தின்றாலும் சர்க்கரை ஏறவில்லை. பள்ளிவாசலில் யாரோ கேட்டதற்கு, அந்தத் தண்ணீரில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்தால் பள்ளிக்கு வந்து சேருவதற்குள் செய்யாத மாதிரி ஆகிவிடும், வீட்டிலேயே செய்துகொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. எங்கள் சர்ச்சின் பாஸ்டர் காலை ஜெபத்தை மலைமேல் மாற்றினார். சர்க்கார் ஆள் ஒருவர் முதல் நாளே வந்து ஆழம், இறங்காதீர் என்று மூன்று பாஷையில் எழுதிய பலகையை நாற்பத்தோராம் படியில் நட்டார். அவர் நட்ட மறுநாள் பலகை கரையேறி நின்றது, கடல் ஒரு படி இறங்கியிருந்தது.

தினம் ஒரு படி. காம்ளே அதைச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு வைத்தான். நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது. ஒரு மண்டலம், நாற்பத்தோரு நாள், அவ்வளவுதான் அதுக்கு லீவு என்று காம்ளே சொன்னான். எங்கள் ஆட்களும் தலையை ஆட்டினார்கள், மண்டலக் கணக்கு என்றால் அப்பீல் கிடையாது.

ஐந்தாம் நாள்தான் குமிழிகளைக் கவனித்தோம். கீழே பேசுகிறவர்கள் வாயிலிருந்து குமிழி கிளம்பி, ஆடி ஆடி மேலே வந்து, நீர்மட்டத்தில் உடைந்தது. உடைந்தபோது உள்ளே இருந்த பேச்சு வெளியே வந்தது. முதலில் உடைந்தது எங்கள் சந்துப் பொன்னீலன் பெண்சாதியுடையது. பொன்னீலன் என் பக்கத்தில்தான் நின்றான், வாயில் பொரித்த மீன். ராத்திரி அந்த மனுஷன் விடுகிற குறட்டையில் கேஸ் அடுப்பே அணைந்துபோகும் என்று குமிழி சொன்னது. மீனைத் துப்பிவிட்டு அவன் கடலைப் பார்த்தான். அதற்குப் பிறகு ஆறு பத்துக்குக் கில்லாவுக்கு வராத ஆண்பிள்ளை எங்கள் சந்தில் இல்லை. பெண்கள் குழாயடியில் பேசுவதெல்லாம் இருபது நிமிடம் எங்கள் காலடியில் வந்து வெடித்தது: யார் கஞ்சன், யார் கோழை, எவன் அம்மாவின் பேச்சைக் கேட்கிறவன், எவன் ஊருக்குப் புலி வீட்டுக்கு எலி. மாடிக் கட்டடத்துப் பெண்களும் கடல் பார்க்க வந்தார்கள், அவர்கள் வீட்டுக் குழாயில் எந்நேரமும் தண்ணீர், ஆனால் தமிழ் தெரியாததால் அவர்களுக்கு அது வெறும் சத்தம். இந்த ஒன்றை மட்டும் கீழே போய்ச் சொல்வதில்லை என்று அறுபத்துமூன்று ஆண்களும் ஒரு நிமிடத்தில் ஒப்புக்கொண்டோம். சந்தில் ஒரு சாக்கடைக்கு மூடி போடுவதற்குக்கூட நாங்கள் அப்படி ஒத்துப்போனதில்லை.

கடல் வந்துவிட்டுப் போகிறது என்று மட்டும் பெண்களிடம் சொன்னோம். அவர்கள் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. ஆறிலிருந்து ஆறரைக்குள் யார் எதைச் சொன்னாலும் அவர்களுக்கு அது குழாய்க்கு அப்பால்.

இனி அந்த வாக்கு. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் தாதர் ஸ்டேஷனில் இறங்கியபோது சந்தனமாரிக்கு வயது இருபது, சங்கரன்கோவிலுக்கு வடக்கே கிணற்றில் மட்டும் தண்ணீர் பார்த்த ஊர்க்காரி, மூன்று நாள் கட்டியிருந்த கல்யாணப் பச்சைப்பட்டு கசங்க, முதலில் கேட்டது கடல் எந்தப் பக்கம் என்றுதான். மூணு பக்கமும் கடல்தான், ஞாயிற்றுக்கிழமை காட்டுதேன் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைதான் பகலிலும் ரயிலை நிறுத்தித் தண்டவாள வேலை பார்ப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள் போயின. முதல் வருஷம் கேட்டாள், இரண்டாம் வருஷம் சிரித்துக்கொண்டே கேட்டாள், மூன்றாம் வருஷத்திலிருந்து கேட்கவில்லை. தனியாகப் போய்ப் பார்த்திருக்கலாம், மாதுங்காவிலிருந்து பஸ் இருக்கிறது. போகவில்லை. நான் காட்டுகிறேன் என்று சொன்னது நான் காட்டுவதற்காக அங்கேயே இருந்தது.

இப்போது கடலே வாசலுக்கு வந்து அவள் தலைக்கு மேலே நிற்கிறது, அவளோ அதன் அடியில் மூன்று குடத்தோடு நின்றுகொண்டிருக்கிறாள். தினமும் அவள் கிளம்புவதற்கு முந்திய பத்து நிமிடத்தில் அவளிடம் சொன்னேன், உன் தோளில் இன்றைக்கு ஒரு கடல்குதிரை உட்கார்ந்திருந்தது, நீ குனிந்தபோது உன் பின்னல் தண்ணீரில் மிதந்து மேலே நின்றது என்று. பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டே, குழம்பு சட்டியில இருக்கு, மூடி வைங்க என்று சொல்லிவிட்டுப் போவாள்.

இருபதாம் நாள் அவளிடம், நாளைக்கு ஒரு நாள் குடத்தை நான் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன், நீ மேலே போ என்றேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் செத்துப்போயிட்டேன்னு ஊருக்குச் சொல்லப் போறியளா?"

அப்படித்தான் எங்கள் சந்தில். குழாய் வரிசையில் ஒரு ஆண் குடத்தோடு நின்றால் அந்த வீட்டில் பெண் இல்லை என்று அர்த்தம். பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், ஏச்சு நின்றுவிடும், ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து அவனை முன்னால் விடுவார்கள், அவன் நிறைத்துக்கொண்டு போகும்வரை தண்ணீர் சத்தம் மட்டும் கேட்கும். காசிப்பாண்டிக்கு அப்படித்தான் நடந்தது, மாடசாமிக்கும். இருமலோ காய்ச்சலோ பிரசவமோ, பக்கத்து வீட்டுப் பெண் பிடித்துக் கொடுப்பாளே தவிர உயிரோடு இருக்கிறவள் தன் புருஷனை அந்த மௌனத்துக்குள் அனுப்ப மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்கலாமே என்றேன். கடல் பாக்கப் போறேன், எனக்குத் தண்ணி பிடிச்சு வைன்னு எவகிட்டக் கேக்க, அவளுக்கு மட்டும் கண்ணு இல்லையா என்றாள். அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள், கடல் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது என்று இந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்பேன், முப்பதாம் நாள் மட்டும் வராதிருந்தால்.

அன்றைக்குக் கடல் பன்னிரண்டாம் படியில். பதின்மூன்றில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தேன். சந்து அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. வரிசையில் யாரோ அவளிடம், உன் வீட்டுக்காரர் தினமும் கடல் பார்க்கிறாராமே என்று கேட்டது முதல் குமிழியில் வந்தது. அடுத்த குமிழி சந்தனமாரியுடையது, வட்டமாக, பெரிதாக, ஊர் கேட்கட்டும் என்று வந்து உடைந்தது. "அவிய கடல் பாத்துட்டு வரட்டும், நான் தண்ணி பாத்துட்டுப் போறேன்." சுற்றி இருந்த ஆண்கள் சிரித்தார்கள். பெண்களும் கீழே சிரித்திருக்க வேண்டும், குமிழி குமிழியாக வந்தது. அவள் குடத்தைத் தூக்கக் குனிந்தபோது இன்னொன்று கிளம்பியது, மிளகு அளவு, யாருக்கும் சொல்லாதது. அது அலையில் ஒதுங்கி என் பெருவிரலில் பட்டு உடைந்தது.

"ஒருக்கா பாத்திருக்கலாம்."

தண்டவாளம் பார்வைக்கு நேராக, பளபளப்பாக இருக்கும், தட்டினால் மட்டும் உள்ளே விழுந்த விரிசல் ஒரு சத்தம் கொடுக்கும். கேட்டவன் அதைத் தாண்டி நடக்கக் கூடாது. அதுதான் எங்கள் வேலையில் இருக்கிற ஒரே சட்டம்.

நேராக ரெபேக்காள் அக்கா வீட்டுக்குப் போனேன். குழாய் வரிசையின் ராணி அவள். எந்தக் குடம் எந்தக் குடத்துக்குப் பின்னால் என்பது அவள் வாக்கு. அப்பளத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அக்கா, நீங்கள் கீழே பேசுவதெல்லாம் மேலே கேட்கிறது என்றேன். கை நின்றது.

"எத்தனை நாளா?"

"இருபத்தாறு நாளா, அக்கா. முதல் நாலு நாள் யாரும் கவனிக்கல."

"என்னைப் பத்தி என்னலே கேட்டே, தவசி?"

"பாஸ்டர் பாடினா ஆட்டுக்குட்டி பசிக்குக் கத்துற மாதிரி இருக்குன்னு சொன்னிய."

"அவரு அங்க நின்னாரா?"

"பக்கத்துலதான் நின்னாரு. குனிஞ்சுக்கிட்டாரு."

அக்காவுடைய தோள் குலுங்கியது, சிரிக்கிறாளா என்று நினைப்பதற்குள் மாவை ஓங்கி ஒரு குத்து குத்தினாள். சரி, அப்படியென்றால் ஒரு நாள் நாங்கள் அத்தனை பேரும் மேலே உட்காருகிறோம், நீங்கள் அத்தனை பேரும் கீழே நின்று தண்ணீர் பிடியுங்கள், பிடிக்கும்போது பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம் என்றாள். வரிசையில் ஆண்கள் நின்றால், என்று இழுத்தேன். "ஒருத்தன் நின்னாத்தாம்லே இழவு. ஊரே நின்னா திருவிழா," என்றாள் அக்கா.

மறுநாள் குழாயடியில் அவள் சொன்னதை நாங்கள் மேலே இருந்து கேட்டோம். கேட்ட ஆண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள். பொன்னீலன் என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்றான், என் சொந்தத் தம்பி என்னோடு பேச்சை நிறுத்தினான், டீக்கடையில் எனக்கு டம்ளரை நங்கென்று வைத்தார்கள். ஆனால் சந்தில் ஒரு பெண்ணும் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை, இரண்டாம் நாளும் மூட்டவில்லை, மலைமேல் தின்ற மீன் கீழே நிற்காது என்பது அவர்களுக்கு நினைவு வந்தது, மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டார்கள். நாள் குறித்தது காம்ளே. வியாழக்கிழமை, முப்பத்தைந்தாம் நாள், கடல் ஏழாம் படியில் நிற்கும், அதற்குப் பிறகு சந்தில் உங்க ஆள் தலை வெளியே வந்திடும், தலை வெளியே வந்தா குமிழி ஏது என்றான். சந்து படியின் அடியைவிட ஒரு முழங்கால் தாழ்வு, அதையும் சேர்த்து அளந்துதான் சொன்னான்.

வியாழக்கிழமை. எனக்கு ராத்திரி வேலையில் கவனம் நிற்கவில்லை, சுத்தியல் நழுவி மோதிர விரல் நகத்தில் விழுந்து நகம் கறுத்துப்போனது. வலி தெரியவில்லை. அவள் கடலைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன், பாதி வழியில்தான் உறைத்தது, அவள் மேலே நிற்கும்போது நான் கீழே நிற்பேன். காட்டுகிறேன் என்று சொன்னவன் பார்க்கிற இடத்தில் இருக்கப்போவதில்லை. ஊரையே கூட்டிக் கணக்குப் போட்டவன் இந்த ஒன்றைப் போடவில்லை.

ஐந்தரைக்கே பெண்கள் கிளம்பிவிட்டார்கள். குழாய்க்குப் போகிற நைட்டி ஒன்றையும் காணோம். கல்யாணப் பட்டு, கிறிஸ்துமஸ் பட்டு, தலை நிறைய மல்லிகை, கண்ணுக்கு மை, அத்தனை பேரும் அவர்கள் பெண்மக்களும் கூட்டமாகப் படியேறினார்கள், சந்தனமாரி தாதரில் இறங்கிய அந்தப் பச்சைப்பட்டில் இருந்தாள், என்னைத் தாண்டும்போது குடத்தில் வெடிப்பு இருக்கு, சாய்ச்சுப் பிடிங்க என்று மட்டும் சொன்னாள். காம்ளே விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, மெனக்கெட்டு முதுகைக் காட்டி நின்றான்.

ஆறு பத்துக்குக் குழாய் சீறியது. அறுபத்துமூன்று ஆண்கள், நூற்றெண்பது குடங்கள். பழக்கம் யாரை விட்டது, குடத்தோடு நிற்கிற ஆணைக் கண்டதும் முன்னால் நின்றவன் விலகி, நீங்க போங்க அண்ணே என்றான், அவன் பின்னால் இருந்தவனிடம், நீ போ தம்பி என்றான், அப்படியே ஒவ்வொருவரும் மற்றவருடைய துக்கத்துக்கு வழிவிட்டு மூன்று நிமிடம் தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போனது. பிறகுதான் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல நினைவு வந்தது, யாரும் சாகவில்லை, பதினேழு நிமிடம்தான் பாக்கி. அதற்கப்புறம் வரிசை என்று ஒன்று இல்லை. பொன்னீலன் குடத்தைத் தோளில் வைத்துக் கழுத்தோடு நனைந்தான். காசிப்பாண்டியும் மாடசாமியும் மட்டும் அமைதியாக இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள், அவர்களுக்குத் தெரியும். பாஸ்டரின் குடத்தை எவனோ உதைக்க, அவர் வாயிலிருந்து வேதத்தில் இல்லாத ஒரு வார்த்தை வந்தது. இதைத் தூக்கித் தூக்கித்தான் இவளுக முதுகு வலின்னு சொல்லுதாளுகளா, நிஜமாத்தான் சொல்லியிருக்காளுக என்று யாரோ கத்தினார்கள். கேட்கிறார்கள் என்பது ஒருவனுக்கும் நினைவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. என் மூன்றாவது குடம் குழாயின் கீழே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே எனக்கு ஒன்றும் இல்லை, தகரமும் வெயிலும்தான். படிகளின் பக்கம் தண்ணீர்த் தொட்டிக் கூரை மறைத்தது. கூரைக்குக் கீழே, எட்டாம் படியில், வரிசையாகப் பாதங்கள் தெரிந்தன, பட்டுக் கரைகளைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஒன்றுமில்லாத காற்றை உதைத்து உதைத்து விளையாடுகிற பாதங்கள். பச்சைக் கரைக்குக் கீழே இருந்த இரண்டும் அசையவில்லை. அவை மட்டும் கூசிப்போய், பயந்துபோய், விரல்களை மடக்கிக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல, ஒவ்வொரு விரலாக விரிந்தன. நான் குழாயை மறந்தேன். கையைத் தூக்கினேன். அப்போது ஒன்று சொன்னேன், பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்டிருக்காது.

குடம் நிறைந்து வழிந்தது, பின்னால் நின்றவன் என் முதுகில் குத்தினான், ஆறரைக்குத் தண்ணீர் நின்றது.

இதற்குப் பிறகு கடல் இன்னும் ஆறு நாள் வந்தது. கடைசி நாள் முதல் படியைத் தொட்டுவிட்டு வடிந்தது, அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது, காம்ளேயின் சுண்ணாம்புக் கோடுகள் அழிந்தன. குழாய் வரிசையில் இப்போதெல்லாம் ஆண்கள் நிற்கிறார்கள், தினமும் இரண்டு மூன்று பேர். அவர்களை யாரும் முன்னால் விடுவதில்லை, மற்றவர்களை ஏசுகிற மாதிரியே ஏசுகிறார்கள். ஆனால் இதெல்லாம் பிறகு.

அன்றைக்கு ஆறே முக்காலுக்குச் சந்தனமாரி வீட்டுக்கு வந்தாள். எங்கள் இரண்டு பெண்களும் வழியிலேயே தோழிகளோடு நின்றுவிட்டார்கள், தம்பியும் அவன் பெண்சாதியும் வெளியே சண்டையோ சிரிப்போ தெரியாத ஒன்றில் இருந்தார்கள். பட்டுக்கரை காய்ந்திருந்தது. பாய் விரித்திருந்தது, அதன் மேலேயே உட்கார்ந்தாள். பேச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தது. இத்தனை நீலம் என்று யாரும் சொல்லவில்லையே என்றாள், சொன்னேனே என்றேன், நீங்க சொன்னது வேற நீலம் என்றாள். மாதுங்கா வீட்டு மாடிகள் தண்ணீரில் நின்றதைச் சொன்னாள், பொன்னீலன் மூக்குக்குள் ஒரு மீன்குஞ்சு போக வந்து அவன் கத்திய வார்த்தையில் பயந்து திரும்பியதைச் சொன்னாள், குமிழிக்குக் குமிழி கெட்ட வார்த்தையாக வெடிக்க ரெபேக்காள் அக்கா சிரித்துச் சிரித்துப் படியிலேயே படுத்துவிட்டதைச் சொன்னாள். என்ன தவசி மட்டும் ஊமையா நிக்கான், சண்டை போடக்கூடத் தெரியலையா என்று அக்கா கேட்டாளாம்.

"அப்பந்தான் கடலுக்கு மேல ஒரு கை வந்துச்சு," என்றாள். "தண்ணிக்கு மேல ஒரு கை மட்டும். எவளுக்கும் யாருதுன்னு தெரியல. நகம் கறுத்திருந்துச்சு. ராத்திரி சுத்தியல் போட்டுக்கிட்டியளா?"

ஆமாம் என்றேன்.

"பொறவு ஒரு குமிழி வந்து என் கால்ல முட்டிச்சு."

"கேட்டுச்சா?"

அவள் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த வேலைப் பையைப் பார்த்தாள். மணி ஏழேகால் ஆகிவிட்டிருந்தது. பையை எடுக்கவில்லை. திரும்பி வந்து, பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல், பாயில் சுவரோரமாகச் சாய்ந்து படுத்தாள்.

"இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமைன்னு வச்சுக்கோன்னு சொன்னிய," என்றாள். "வச்சுக்கிட்டேன்."

நானும் படுத்தேன். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பாய் எங்களுக்குப் போதவில்லை.